சேர்க்க வேண்டியது: ஒருவர்

அந்தப் படத்தை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை போன படம். சனி, ஞாயிறு கழிந்து, திங்களும் கழிந்து, செவ்வாய் மாலை ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை. மூக்கு கோணலாகத் தெரிகிறது, கன்னம் உப்பிவிட்டது, கணவரைவிட நான் உயரமாக நிற்கிறேன் என்று சட்டத்தோடு தூக்கிக்கொண்டு மறுநாளே வாசலில் நிற்கிறவர்கள்தான் அந்த ஸ்டூடியோவின் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு குடும்பம், தங்கள் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் வேறொருத்தியின் பிள்ளை நிற்கிற படத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய், சும்மா இருந்தது.

அந்த வேறொருத்தி அவள்தான்.

ஸ்டூடியோவின் பின்னறையில் அவளுக்கு வேலை. நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவர் நான்கிலும் சாம்பல் பூச்சு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. உள்ளே மத்தியானமும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். கம்ப்யூட்டரின் விசிறி ஓயாமல் முனகும். பக்கத்து அறையில் பிரிண்ட் இயந்திரம் தாளை இழுத்துத் துப்பும். சூடான தூசியும் மையும் கலந்த ஒரு வாசனை அவள் தலைமுடியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தாலும் போகாமல் கிடந்தது. எட்டு வருஷம். பிற்பகல் வெளியே வந்தால் தெருவின் நிறங்கள் கண்ணில் குத்தும்.

குடும்பப் படம் எடுக்க வரும்போது எந்த வீட்டிலும் ஒருவர் குறைவார். வெளியூரில் வேலை, பேச்சுவார்த்தை இல்லை, உயிரோடு இல்லை. காரணத்தை ஸ்டூடியோ கேட்காது. ஆர்டர் சீட்டில் ‘நபர்கள்’ என்று ஒரு கட்டம், ‘சேர்க்க வேண்டியது’ என்று ஒரு கட்டம். இரண்டாவதில் ஒன்று என்று எழுதியிருந்தால், போட்டோகிராபர் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு மற்றவர்களை நிறுத்துவார். வராத ஆளின் பழைய படம் ஒன்றைப் பின்னால் அனுப்புவார்கள். அவள் வெட்டி அந்த இடத்தில் வைப்பாள்.

போட்டோகிராபரை எல்லோரும் தாடை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை “தாடைய இறக்குங்க” என்று சொல்கிறவருக்கு வேறு பெயர் எதற்கு. சனிக்கிழமை காலைகளில் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். சுவர் வழியாக அவளுக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். எடையைப் பின்காலில் போடச் சொல்லு. தோளை லேசாகத் திருப்பு. கைக்கு ஒரு வேலை கொடு, வேலையில்லாத கை பிணத்தின் கை. காலி இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களிடமும் அதையேதான் சொல்வார். அங்கே ஒரு தோள் இருப்பதாக நினைத்துக் கையை வையுங்கள். வைப்பார்கள். சிலர் அப்போது அழுவார்கள். அவர் காத்திருந்து, மறுபடி தாடையை இறக்கச் சொல்லுவார்.

எவ்வளவு நன்றாக வெட்டினாலும் ஒட்டுப்போட்டது தெரியும். வெளிச்சம் வேறு திசையிலிருந்து வரும், தோலின் நிறம் ஒத்துப்போகாது. அதற்குத்தான் ஒத்தக் கலர். மொத்தப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ஒரே ஒரு பொருளில் மட்டும் நிறத்தை விட்டுவைப்பது. ஒரு சிவப்புப் பை, ஒரு நீலக் குடை. பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். அழகுக்காக அல்ல. கண்ணுக்கு ஓர் எலும்புத் துண்டைப் போட்டுவிட்டால் அது வேறெதையும் மோந்து பார்க்காது. யாரும் ஒட்டைத் தேட மாட்டார்கள்.

வாடிக்கையாளர் அனுப்ப வேண்டிய படம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதுவரை உயரத்தையும் நிழலையும் சரிபார்க்க அவளுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது, தையல்கடையில் நிற்கிற பொம்மை மாதிரி. போன வருஷம் பள்ளிக்கூடம் விடுமுறை என்று மகளைக் கூட்டிவந்த ஒரு நாளில், தாடை அண்ணன் சும்மா இருந்த நேரத்தில் அவளைச் சாம்பல் தாளில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அடர்மஞ்சள் சட்டை. வளர்ந்தாலும் பற்றட்டும் என்று பெரிதாக வாங்கியது, இடுப்பில் தொளதொள என்று நின்றது. அம்மாக்காரி அதைச் சுத்தமாக வெட்டி, காலடி நிழலோடு, ‘பொம்மை’ என்று பெயரிட்டு வைத்துக்கொண்டாள். நூற்றுக்கணக்கான காலி இடங்களில் பொம்மை நின்றிருக்கிறது. யார் யாரோ அம்மாக்களின் கைக்குக் கீழே. உரிய படம் வந்ததும் எடுத்துவிடுவாள். எடுக்காமல் விட்டதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை விட்டாள். அந்த வாரம் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல், கணவருக்கு ராத்திரி வேலை, அவளுக்குத் தூக்கம் என்பது பேருந்தில் சாய்ந்த பதினைந்து நிமிஷம். முடிக்க வேண்டியவை நாற்பத்தொன்று. அந்தக் குடும்பம் அனுப்ப வேண்டிய பழைய படம் வந்து சேரவில்லை. இடத்தில் பொம்மையை நிறுத்தி, ஒத்தக் கலர் எப்படி இருக்கும் என்று பார்க்க மஞ்சளை மட்டும் விட்டுவைத்து, அப்படியே எல்லாவற்றையும் சேர்த்து பிரிண்டுக்குத் தள்ளிவிட்டாள். சனிக்கிழமை காலைதான் உறைத்தது. முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர்கள் வந்து கத்தும்போது போகும். இரண்டாவதில் நாலு நாள் மிச்சம். சொல்லவில்லை.

புதன்கிழமை நாலு மணிக்கு முன்மேசைப் பெண் திரையை விலக்கினாள். அவள் மெதுவாகப் பேசினாலே தெரு முனைக்குக் கேட்கும் என்பதால் ஸ்பீக்கர் என்று பெயர். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது. மஞ்சச் சட்டைக்காரங்க வந்திருக்காங்க, உங்களைத்தான் பார்க்கணுமாம் என்றாள்.

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள்.

மேசைக்கு அந்தப்புறம் நின்றவள் கத்துகிற ஆளாக இல்லை. இவள் வயதுதான் இருக்கும். சோப்பு வாசனை. கையில் ஈரக் குடை. தூங்கி எழுந்த முகம், அதுவும் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்த முகம். பர்சில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு பிரதி வேண்டும் என்றாள். கூடவே ஒரு சின்ன விஷயம், தப்பாக நினைக்கக் கூடாது.

“சட்டை மஞ்சள் கொஞ்சம் வெளுத்துத் தெரியுதுங்க. அவ சட்டை இதைவிட அடர்த்தி.”

உண்மைதான். பொம்மையை வெட்டும்போது கண்ணில் அடிக்கிறதென்று இவள்தான் மஞ்சளை ஒரு படி குறைத்தாள். அது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அசல் சட்டை வீட்டில் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம். அது உங்கள் பிள்ளை இல்லைங்க. நாலே சொல். சொன்னால் இந்த முகம் என்னவாகும் என்று ஒரு கணம் பார்த்தாள். அதற்குப் பிறகு நடக்கப்போவதெல்லாம் தெரிந்தது. அழுகை, நாற்காலி, தண்ணீர், முதலாளி, விளக்கம். நினைக்கும்போதே கால் கடுத்தது. அந்தப் பெண் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியிலிருந்து அப்போதுதான் எடுத்த கை மாதிரி சூடு.

“இவ்வளவு நாள் பத்திரமா வச்சிருந்தீங்க,” என்றாள். “ரொம்ப நன்றிங்க.”

“பரவாயில்லைங்க,” என்றாள் இவள்.

வாயில் வந்தது அதுதான். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது கணவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். இவள் வருவதற்கும் அவர் கிளம்புவதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம்தான் அந்த வீடு ஒரு குடும்பமாக இருக்கும். இவள் சமையலறையில் பாத்திரத்தை நகர்த்தி அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பியபோது, மகள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். விளையாடவில்லை, எதையும் கேட்கவில்லை. நின்றாள். பத்து நிமிஷம் கழித்தும் அங்கேயே நின்றாள். எடை பின்காலில். தோள் லேசாகத் திரும்பியிருந்தது. தாடை இறங்கியிருந்தது.

தாடை மாமா சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டாள். மகள் இல்லை என்று தலையசைத்தாள், தாடையைத் தூக்காமல்.

“அந்த அம்மா.”

“எந்த அம்மா?”

“கை சூடா இருக்குமே, அந்த அம்மா,” என்றாள் மகள். “இங்க வச்சிருக்காங்க.”

இடது தோளைக் காட்டினாள். அம்மா அங்கே கை வைத்துப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்க, அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் சுட்டது. காய்ச்சல் மிச்சம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாத்திரையைத் தேடினாள்.

வியாழக்கிழமை காலை மகளைத் தலைவாரிவிட ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். ஒரு நாள் முழுக்க நிறத்தைப் பிரித்துப் பார்க்கிற கண். அது ஓய்வெடுக்காது. உதட்டில் சிவப்பு இருந்தது, ஆனால் கால்பங்குதான். காதுமடலில் வெளிச்சம் விழுந்தபோது பின்னால் ரத்தம் தெரியவில்லை, நிழல்தான் தெரிந்தது. தலையில் கட்டிய பச்சை ரிப்பன், கட்டியதிலிருந்தே, வெளுத்துக்கொண்டு வந்தது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த கணவரிடம் காட்டினாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே பார்த்தார்.

“நீ நாள் பூரா கறுப்பு வெள்ளையையே பார்த்துட்டு இருக்க,” என்றார். “உனக்கு நானே சாம்பலாத்தான் தெரிவேன்.”

டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் வெளிறும் என்று ஒரு டானிக் எழுதித் தந்தார். ஒரு மாதம் கொடுங்கள். ஒரு மாதம்.

அன்று மாலை ஆர்டர் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மகள் எதிரே தரையில் உட்கார்ந்து, பென்சிலைக் கையில் பிடித்தபடி, எதையும் வரையாமல் இருந்தாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது முதலில் ஒரு வீடு கேட்டது. தட்டு வைக்கிற சத்தம், டிவி, கதவு. இவள் சீக்கிரமாகச் சொல்லிவிட்டாள். அந்தப் படத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது, அந்தப் பிள்ளை என் பிள்ளை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு செய்து தருகிறேன்.

மறுமுனையில் கோபம் இல்லை. நோயாளியின் வீட்டாரிடம் நர்ஸ் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

“அவசரமில்லைங்க,” என்றது. “கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டுத்தான் இருக்கா.”

பின்னால் எங்கோ, டிவிக்கு அந்தப்புறம், ஒரு குழந்தை சிரித்தது. முன்பல் விழுந்த இடைவெளியில் காற்று விசிறுகிற சிரிப்பு. அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவளின் வாய் மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். பர்ஸ் பிரதிக்காக என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கணவன், மனைவி, உயரமான மகன், நடுவே மஞ்சள். ஒரு வேலையை அடுக்கடுக்காகத்தான் செய்வார்கள், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி. கடைசித் தாளில் அசல் படம். அதில் காலி இடம்தான் இருக்க வேண்டும். விளக்கை அணைப்பது மாதிரி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு வெள்ளையை அணைத்தாள், படத்துக்கு நிறம் வந்தது. நிழலை அணைத்தாள். பொம்மையை அணைத்தாள்.

பிள்ளை போகவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். தாடை அண்ணன் காலி இடத்தை எடுத்த அசல் படத்தில் அவள் மகள் நின்றாள். தோளில் அந்தப் பெண்ணின் கை. விரல்களுக்குக் கீழே சட்டை கசங்கியிருந்தது. பொம்மையின் சட்டையில் கசங்கல் இல்லை. அவள் வெட்டியது. ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரியும்.

மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. அலமாரியில் இருக்கிற அளவுக்கு.

பொம்மை ஃபைலைத் திறந்தாள். கீழே காலடி நிழல் மட்டும் இருந்தது. இரண்டு சின்னக் கால்களின் நிழல்.

விசிறி முனகியது. பக்கத்து அறையில் இயந்திரம் ஒரு தாளை இழுத்தது. துப்பவில்லை.

அந்த ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தாள். பயத்தில் வந்த முடிவுதான், ஆனால் தொழில் தெரிந்தவளின் பயம். அவர்கள் சுவரில் ஒரு படம் இருக்கிறது. தன் சுவரில் ஒன்றுகூட இல்லை. எட்டு வருஷமாக ஊரார் குடும்பத்தையெல்லாம் ஒட்டவைத்தவள் தன் குடும்பத்தை ஒருமுறைகூட நிறுத்தி எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். மூன்று பேர், இடைவெளி இல்லாமல், தன் கை மகளின் தோளில் இருக்க. ஒட்டு இல்லாத படம். அதுதான் சாட்சி.

சனிக்கிழமை மாலை மூவரும் போனார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கணவருக்கு இது பைத்தியக்காரத்தனம், ஆனால் வாதாட அவரிடம் தெம்பு இல்லை. முன்மேசையில் நின்று சீட்டை அவர் எழுதினார். இவள் உள்ளே மகளுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். அந்த மஞ்சள் சட்டையைத்தான். அலமாரியிலிருந்து எடுத்தபோது அது மஞ்சளாகத்தான் இருந்தது. மகளின் உடம்பில் ஏற ஏறச் சாம்பலானது.

தாடை அண்ணன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். அவளைப் பக்கத்தில் நிறுத்தினார். நடுவில் மகள். இவள் அவளைத் தன்மேல் இழுத்து ஒட்டிக்கொண்டாள், காற்றுப் போக இடமில்லாமல். கையைத் தோளில் வைத்தாள். எலும்பு தெரிந்தது. சின்னது, கூரானது. அதன்மேல் ஏற்கெனவே ஒரு சூடு இருந்தது. அதற்கு மேலேயே தன் விரல்களை வைத்து அழுத்தினாள்.

“எடைய பின்கால்ல போடு,” என்றார் தாடை அண்ணன். “தாடைய இறக்கு. கை நல்லா இருக்கு, அப்படியே வை.”

வெளிச்சம் வெட்டியது.

இன்னொன்று. வெட்டியது.

விரல்களுக்குக் கீழே எலும்பு இருந்தது. நிச்சயமாக இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் உட்காரச் சொல்லி மகளை அனுப்பிவிட்டு, படத்தைப் பார்க்கப் பின்னறைக்கு ஓடினாள். இரண்டு நிமிஷம்தான்.

திரையில் படம் வந்தது.

ஸ்டூலில் அவர். நீலச் சட்டை, சிவந்த கண்கள். பக்கத்தில் அவள். நடுவே சாம்பல் தாள். அவள் கை நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, காற்றில், ஒரு தோளின் வளைவில் வளைந்து நின்றது. விரல் நுனிகள் அழுத்தி வெளுத்திருந்தன. எதையோ.

அடுத்த படம். அதேதான்.

தாடை அண்ணன் பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவிக்கொண்டார். அவருக்கும் அன்று ஓயாத வேலை.

“இடம் கச்சிதமா விட்டிருக்கேன் பாரு,” என்றார். “படம் வந்ததும் சேர்த்துக்க.”

மேசையில் சீட்டு. கணவரின் கையெழுத்து. நபர்கள்: 2. சேர்க்க வேண்டியது: 1.

அவள் ஓடினாள். முன்னறையில் நாற்காலியில் அவர் மட்டும். மடியில் குடை. ஒரு குடை. வருஷா வருஷம் கேட்டுச் சலித்த கேள்வியைக் கேட்கிற முகத்தோடு நிமிர்ந்தார்.

“நம்மகிட்ட அவ படம் ஏதாவது இருக்கா?” என்றார் மெதுவாக.

ஸ்பீக்கர் எதையும் பார்க்கவில்லை. அவள் பர்சுக்கான அந்தச் சின்னப் பிரதியை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் பேரேட்டை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஈரக் குடை சொட்டிய தண்ணீர்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் தெரு. மழையில் எல்லாம் சாம்பல். கடைப் பலகைகள் சாம்பல், வண்டிகள் சாம்பல், சிக்னலில் எரிந்த விளக்குகூடச் சாம்பல். ஒன்றில் மட்டும் நிறம். அடர்மஞ்சள். இடுப்பில் தொளதொள என்று நின்ற சட்டை, ஒரு பெண்ணின் கைக்குக் கீழே, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கதவைத் தள்ளவில்லை. எட்டு வருஷப் பழக்கத்தில் கண் முதலில் விளிம்பைத் தேடியது. தோளை, முடியை, காலடி நிழலை. எங்கேயாவது ஒட்டு தெரிகிறதா என்று.

தெரியவில்லை. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து விழுந்தது. நிழல் சரியாக விழுந்தது.

அவளுடைய கை நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, வளைந்தபடி, இன்னும் இறங்காமல் நின்றது.